புதுப்பிப்பு: மறதி பயம், ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு

யாங்கோனிலிருந்து முன்பு எழுதியிருந்தேன்: ஓய்வு பெறும் வயதில் பேர்கள் மறக்கின்றன, சூலே பகோடா பக்கம் தெரிந்த தெருவிலேயே குழம்பி நின்றேன், அம்மாவுக்கு வந்த டிமென்ஷியா (மறதி நோய்) எனக்கும் வந்துவிட்டதோ என்று. "முதலில் ரத்தம் பாருங்கள் அண்ணே" என்று பலர் சொன்னீர்கள். பார்த்தாயிற்று.

தைராய்டு சரி. வைட்டமின் பி12 மிகக் குறைவு. அது குறைந்தாலும் மறதி, கால் மரமரப்பு வரலாமாம். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அது உடல் பி12ஐ உறிஞ்சுவதைக் குறைக்கும். அதோடு, அம்மா போன பிறகு மீன், கறி, முட்டை எல்லாம் விட்டுவிட்டேன், பாலும் பழக்கமில்லை. பி12 இயற்கையாகக் கிடைப்பதே இவற்றில்தான். காலையில் எல்லோரும் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் சாப்பிடுவார்கள், நான் வெறும் டீயோடு எழுந்துவிடுவேன்.

இப்போது ஊசி போடுகிறார்கள். கால் மரமரப்பு குறைந்திருக்கிறது. பேர்கள் இன்னும் நழுவுகின்றன. மறதி முழுக்க இதனால்தானா என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. சில மாதம் கழித்து ஞாபகசக்தியைச் சோதிப்பாராம். பயம் போகவில்லை, ஆனால் ராத்திரி தூங்குகிறேன்.

அப்புறம், காது. லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதம் மாற்றக்கூடிய 14 காரணங்களோடு தொடர்புடையது என்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போலக் காது கேளாமையும் அதில் ஒன்று. எனக்கு இடது காது மந்தம். அதையும் பார்க்கப் போகிறேன், மகள் கூட வருகிறாள்.

மெட்ஃபார்மின் சாப்பிடும் அண்ணன், அக்காமார் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பி12 பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.