சீலியாக் உள்ள மகள்: கோதுமையை நிறுத்தியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை

தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகளுக்கு 6 வயது. எட்டு மாதம் முன்பு ரத்தத்தில் டிடிஜி டெஸ்ட், பிறகு எண்டோஸ்கோபி, பயாப்ஸி செய்து சீலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) என்று உறுதியானது. அதற்கு முன் ஒரு வருஷம் பூச்சி மருந்துதான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து சப்பாத்தி, ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் பவுடர் எதுவும் வீட்டில் கிடையாது. பெருங்காய டப்பாவைப் படித்தால் அதிலும் மைதா! அதையும் விட்டேன். தோசைக்கல் தனி. டாக்டர் சொல்லி மூன்று வாரம் பாலை நிறுத்தியும் மாற்றமில்லை.

முதலில் எடை 2 கிலோ ஏறியது. இப்போது இரண்டு மாதமாக 15 கிலோவிலேயே நிற்கிறது. வயிறு உப்புசம், வாரத்தில் மூன்று நாள் தண்ணீராகப் போகிறது. பள்ளிக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். பார்க்கவே முடியவில்லை. அடுத்த மாதம் மறுபடி டிடிஜி எடுக்கணும்.

இட்லி மாவு வீட்டு கிரைண்டரில்தான். ஆனால் இடியாப்ப மாவும் மிளகாய்த்தூளும் தெரு மில்லில் அரைக்கிறேன். போன வாரம்தான் கவனித்தேன், எனக்கு முன்னால் ஒரு அக்கா கோதுமை அரைத்தார், அதே மிஷினில் என் அரிசியைக் கொட்டினார்கள். அந்த மிச்ச மாவே இவளுக்குப் போதுமே.

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி பக்கம் கோதுமையே அரைக்காத, அரிசிக்கு மட்டும் தனி மிஷின் வைத்திருக்கும் மில் எங்கே இருக்கிறது?