புதுப்பிப்பு: கட்சி சேராதவர் நியூஜெர்சி பிரைமரியில் ஓட்டுப் போடலாமா?

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, எந்தக் கட்சியும் குறிக்காமல் வாக்காளராகப் பதிவு செய்திருந்தேன்; 2025 ஜூன் 10 பிரைமரியில் (கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தல்) எனக்கு ஓட்டு உண்டா என்று ஏப்ரலில் கேட்டிருந்தேன். உண்டு. போட்டுவிட்டேன்.

"பிரைமரிக்கு 55 நாளுக்கு முன்பே கட்சியைக் குறித்துப் படிவம் கொடுக்கணும்" என்று சிலர் சொன்னீர்கள். அது ஏற்கெனவே ஒரு கட்சியில் இருந்து மாறுபவர்களுக்கு. "சாவடியிலேயே சொன்னால் போதும்" என்ற அண்ணன் சொன்னதுதான் சரி. மேசையில் இருந்த அம்மா "எந்தக் கட்சி?" என்று கேட்டார், "டெமாக்ரடிக்" என்றேன். டேப்லெட்டை என் பக்கம் திருப்பிக் கையெழுத்து வாங்கினார், அவ்வளவுதான்.

வாக்குச்சீட்டில் ஆளுநர் பதவிக்கு ஆறு பேரும் ஒரே கட்டத்தில் இருந்தார்கள். முன்பெல்லாம் கட்சி ஆதரவு பெற்றவர்களைத் தனி வரிசையாக நிறுத்துவார்களாம். அது போனது பெரிய விஷயம், ஒவ்வொரு பெயரையும் நிதானமாகப் படித்தேன். மைக்கி ஷெரில் வென்றார். நான் போட்டவர் இல்லை, வருத்தம்தான்.

எதிர்பாராதது: அந்தக் கையெழுத்தோடு நான் டெமாக்ரடிக் கட்சிக்காரனாகப் பதிவாகிவிட்டேன். பழையபடி கட்சி சாராதவராக வேண்டுமென்றால் தனிப் படிவம் கொடுக்க வேண்டும். அடுத்த முறை வேறு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போட நினைத்தால், அந்த 55 நாள் கணக்கு எனக்கும் பொருந்தும்.