பின்ட்ரெஸ்ட் வழியாக வருமானம்: வில்லிவாக்கத்திலிருந்து என் அனுபவம்

"பின்ட்ரெஸ்ட் மாசம் எவ்வளவு தருது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். படங்களைத் தேடிப் பார்த்துச் சேமித்து வைக்கும் தளமான பின்ட்ரெஸ்ட் எனக்கு ஒரு பைசாகூடத் தருவதில்லை. 2021-ல் அமெரிக்காவில் படம் போடுகிறவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2022-லேயே நிறுத்தியும் விட்டார்கள். பின்ட்ரெஸ்ட் நமக்குத் தருவது ஆட்களைத்தான். நாம் போட்ட படத்தைத் தட்டினால் நம் சைட் திறக்கும். அப்படி வந்தவர் பக்கத்தில் இருக்கும் விளம்பரத்தைப் பார்க்கலாம், ஒரு பொருளை வாங்கலாம், தைக்க ஆர்டர் கொடுக்கலாம். காசு அங்கிருந்துதான் வருகிறது.

என் சைட்டில் இருப்பது இரண்டே விஷயம்: கோலம், ஆரி ஒர்க் (முனை வளைந்த ஊசியால் மணியும் கல்லும் வைத்துச் செய்யும் எம்பிராய்டரி) பிளவுஸ். இப்போது அதிலிருந்து வருவதில் எங்கள் வீட்டு மளிகையும் பையனின் டியூஷன் கட்டணமும் நடக்கின்றன. லட்சக்கணக்கில் வருகிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம்பக்கூடிய வருமானம். வீட்டிலிருந்தபடி ஏதாவது செய்யலாமா என்று யோசிக்கிற தோழிகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மற்ற தளங்களுக்கும் பின்ட்ரெஸ்ட்டுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. மற்றவற்றில் நேற்றுப் போட்டது இன்றைக்குப் பழசாகிவிடும். இங்கே ஆட்கள் பொழுதுபோக்க வருவதைவிடத் தேட வருவதுதான் அதிகம். அடுத்த வாரம் கோலம் போடணும், அடுத்த மாதம் தங்கச்சி கல்யாணம், கொலுவுக்கு ஏழு படி எப்படிக் கட்டுவது என்று ஏதோ ஒரு காரியத்தை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதனால்தான் எப்போதோ ஒரு மார்கழிக்கு நான் போட்ட படம் (பின்ட்ரெஸ்ட்டில் போடும் படத்தைப் 'பின்' என்பார்கள்) டிசம்பர் பிறந்தால் இன்னும் ஆட்களைக் கூட்டி வருகிறது.

இந்தத் தொழிலின் சூட்சுமம் எங்கள் அண்ணி ஒருநாள் காலை கோலம் போடும்போதுதான் எனக்குப் பிடிபட்டது. செல்போனைக் கேட்டில் சாய்த்து வைத்துவிட்டு, அதில் ஒரு பூக்கோலத்தைப் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். பின்ட்ரெஸ்ட்டில் சேவ் செய்து வைத்த படம்தான்.

"அண்ணி, அந்தப் படத்தைத் தட்டி உள்ளே போய்ப் பார்த்தீங்களா?"

"எதுக்குப் போகணும்? அதான் படத்துலயே எல்லாம் இருக்கே!"

அவர் சொன்னது சரிதானே! அந்தப் படத்தை எடுத்தவருக்கு ஒரு சேவ் கிடைத்திருக்கும், ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது. படத்திலேயே காரியம் முடிந்துவிட்டால் உள்ளே யாரும் வர மாட்டார்கள். "இதை எப்படிச் செய்வது?" என்ற கேள்வியைக் கிளப்புகிற படம்தான் ஆளைக் கூட்டி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் நம் பக்கத்தில் நிஜமாகவே இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த வரை இந்தத் தொழில் இவ்வளவுதான். மற்றதெல்லாம் பழகப் பழக வந்துவிடும்.

அதன் பிறகு பூக்கோலத்தைக் குறைத்துக்கொண்டு சிக்குக் கோலத்துக்கு மாறினேன். 15 புள்ளி, 8 வரை ஊடுபுள்ளி என்று ஒரு சிக்குக் கோலம் எடுத்துக்கொள்ளுங்கள். முடித்த கோலத்தை மட்டும் பார்த்து அதைப் போட முடியாது. இழை எங்கே தொடங்குகிறது, எந்தப் புள்ளியைச் சுற்றித் திரும்புகிறது என்று தெரியாமல் பாதியில் மாட்டிக்கொள்வோம். அதனால் பின்னில் ஒரு பாதி வெறும் புள்ளி, மறு பாதி முடிந்த கோலம் என்று வைத்தேன். உள்ளே பக்கத்தில் ஒவ்வொரு வளைவையும் வேறு வேறு நிறத்தில் போட்டுப் படிப்படியாகப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சேவ் எண்ணிக்கை பூக்கோலத்துக்கு வந்ததைவிடக் குறைவுதான். சைட்டுக்கு வருகிறவர்கள் பல மடங்கு.

பின்ட்ரெஸ்ட் பிசினஸ் கணக்கில் புள்ளிவிவரம் பார்க்கும்போது இதைக் கவனியுங்கள். இம்ப்ரெஷன், சேவ், பின் கிளிக், அவுட்பவுண்ட் கிளிக் என்று தனித்தனியாகக் காட்டும். இம்ப்ரெஷன் என்றால் படம் எத்தனை முறை கண்ணில் பட்டது என்பது. பின் கிளிக் என்றால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள். அவுட்பவுண்ட் கிளிக்தான் நம் சைட்டுக்கு வந்தவர்கள். "எனக்கு மாசம் லட்சம் வியூஸ்" என்று யாராவது சொன்னால் இந்தக் கடைசி எண்ணைக் கேளுங்கள்.

அப்புறம் பிளவுஸ் கதை. பெரம்பூரில் எனக்குத் தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். ஆரி வேலையும் அவரே செய்வார். ஒருநாள் கடையில் இருந்தபோது கல்யாணப் பெண் ஒருத்தி அம்மாவோடு வந்து போனை நீட்டினாள். பார்க்கப் பிரமாதமான பின் கழுத்து டிசைன். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கண்ணு, இதுல கொக்கி எங்க மாட்டுறது?"

அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. அக்கா விரலை வைத்துக் காட்டினார். முத்துச் சரம் ஒன்று தோளிலிருந்து தொங்கி, எதிலும் கோக்கப்படாமல் துணிக்குள்ளேயே மறைந்திருந்தது. இடது பக்கம் மயில், வலது பக்கம் மயிலும் இல்லை கிளியும் இல்லை. ஏஐ போட்ட படம். "இதைத் தச்சவங்க யாரும் இல்லம்மா, இது தச்ச ஜாக்கெட்டே இல்ல" என்றார் அக்கா. பெண்ணின் முகம் வாடிவிட்டது. பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஆசை ஆசையாகத் தேடி எடுத்து வந்திருக்கிறாள், பாவம்.

இப்போது பின்ட்ரெஸ்ட்டில் இந்த மாதிரிப் படங்கள் மலிந்துவிட்டன. 2025-ல் ஏஐ படங்களுக்கு அடையாளக் குறிப்பு போடத் தொடங்கினார்கள். ஆனாலும் எல்லாவற்றையும் அது பிடித்துவிடுவதில்லை. எனக்கு இது மனதை உறுத்துகிற விஷயம். ஒரு தையல் வேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு செய்கிறவர்களின் படத்தை, யாருமே செய்யாத ஒன்றின் படம் கீழே தள்ளுகிறது.

அன்றைக்கே அக்காவிடம் கேட்டேன், அவர் முடித்து வைத்திருந்த ஒரு பிளவுஸை உள்பக்கம் திருப்பிப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று. "உள்பக்கமா? அதை யாரும்மா பார்ப்பாங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் திருப்பிக் கொடுத்தார். ஆரி வேலையின் உள்பக்கத்தில் எல்லாம் தெரிந்துவிடும். நூல் முடிச்சு எப்படிப் போட்டிருக்கிறது, கல் வைத்த இடத்தில் கையை உறுத்தாமல் இருக்க லைனிங் எங்கே வருகிறது, கனமான வேலைக்குக் கீழே கான்வாஸ் கொடுத்திருக்கிறதா, கொக்கிப் பட்டி எந்தப் பக்கம் என்று எல்லாமே. வெளிப்பக்கம் ஒரு படம், உள்பக்கம் ஒரு படம், இரண்டையும் மேலும் கீழுமாக ஒரே பின்னில் வைத்தேன். என் சைட்டுக்கு அதிகம் ஆளைக் கொண்டு வருவது இன்றைக்கும் அந்த வகைப் பின்கள்தான். தைக்கிறவர்கள் வருகிறார்கள், தைக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் வருகிறார்கள், கூலி ஏன் இவ்வளவு என்று புரிந்துகொள்ள நினைக்கும் கல்யாண வீட்டுக்காரர்களும் வருகிறார்கள்.

பக்கத்தின் உள்ளே டிரேசிங் பேப்பரில் ஊசியால் குத்தி, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெயில் குழைத்துத் துணியில் தேய்த்து டிசைன் எடுப்பதிலிருந்து எல்லாவற்றையும் காட்டியிருக்கிறேன். தேய்த்து முடித்துப் பேப்பரை ஓர் ஓரமாக மெல்லத் தூக்கும்போது துணியில் வெள்ளைப் புள்ளிகளாக மாங்காய் வடிவம் வரும் பாருங்கள், அந்த இடத்தில் எடுத்த படத்துக்கு நான் எதிர்பார்க்காத அளவுக்கு வரவேற்பு.

பருவம் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். விசேஷம் வருவதற்கு ஒன்றரை மாதமாவது முன்னால் பின் போட்டுவிட வேண்டும். மார்கழிக் கோலத்தை மார்கழி முதல் தேதி போட்டால் அது தேடலில் ஏறுவதற்குள் பொங்கல் வந்துவிடும். நான் ஐப்பசியிலேயே தொடங்கிவிடுவேன். பிளவுஸுக்கு நம் ஊர்க் கணக்கே தனி. ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆடித் தள்ளுபடியில் தி.நகரில் புடவை எடுத்து, ஆவணி முகூர்த்தத்துக்குத் தைக்கக் கொடுப்பது ஆடியில்தான். அதனால் ஆனியிலேயே பின் போட்டு வைத்தால் ஆடி முழுக்க ஆட்கள் வருவார்கள். வெளியூர் வல்லுநர்கள் சொல்லித்தரும் கிறிஸ்துமஸ் அட்டவணையில் இதெல்லாம் இருக்காது.

சில்லறை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். படம் நெடுக்காக, 1000-க்கு 1500 பிக்சல். பிசினஸ் கணக்கு இலவசம். சைட்டை நம்முடையது என்று அதில் உறுதி செய்துகொள்ள வேண்டும். சுருக்கிய லிங்க் போடக்கூடாது, ஸ்பேம் என்று தடுத்துவிடும். தலைப்பில் மக்கள் தேடும் சொற்கள் இருக்கட்டும். அடுத்தவர் எடுத்த படத்தைத் தொடவே வேண்டாம். வருகிறவர்களில் அநேகம் பேர் செல்போனில்தான் பார்ப்பார்கள். பக்கம் திறக்கத் தாமதமானால் திரும்பிப் போய்விடுவார்கள். முதல் படிக்கு முன்னால் நான் விளம்பரமே வைப்பதில்லை. தேடி வந்தவருக்கு முதலில் தேடியது கண்ணில் படட்டும்.

இனி பணம். நம் சைட்டில் விளம்பரம் போட்டுப் பணம் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2018-ல்தான் தமிழை ஏற்றுக்கொண்டது. இப்போது தமிழ்ப் பக்கத்துக்கும் விளம்பரம் வரும். கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குத் தபாலில் ஒரு எண் அனுப்புவார்கள். நான்கு மாதத்துக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், சாதாரணத் தபாலில்தான் வரும். 100 டாலர் தேறினால்தான் பணம் வங்கிக்கு வரும், அதுவும் மாதக் கடைசி வாக்கில். வெளிநாட்டிலிருந்து பார்ப்பவர்களுக்குக் காட்டும் விளம்பரத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும். அபார்ட்மென்ட் தரையில் மாவு போட முடியவில்லை, அட்டையில் கோலம் போட்டு வாசலில் வைக்கலாமா என்று நியூஜெர்சியிலிருந்து ஒரு அம்மா எழுதிக் கேட்டார். அதற்கென்றே ஒரு பக்கம் போட்டேன். அதற்கு வெளிநாட்டு வாசகிகள்தான் அதிகம். ஒன்று தெரிந்திருக்கட்டும்: பொங்கல் வரை கூட்டம் குறையாது, ஆனால் ஜனவரி பிறந்ததுமே விளம்பர விலை இறங்கிவிடும்.

அமேசான் அஃபிலியேட் லிங்க்கும் வைத்திருக்கிறேன், அதாவது அதன் வழியாக யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன் வரும். சேர்ந்து 180 நாளுக்குள் மூன்று விற்பனையாவது நடக்காவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். கமிஷன் வரும் லிங்க் என்று பக்கத்தில் தெளிவாக எழுத வேண்டும். அது விதி மட்டுமில்லை, மரியாதையும்கூட. சென்னைக்காரர்கள் அதில் வாங்குவது அபூர்வம். சுகர் பீட்ஸ், கட் பீட்ஸ், சர்தோசி என்று ஆரி வேலைக்கு வேண்டிய மணி, ஜரிகை எல்லாம் சவுகார்பேட்டையில் மலிவாகக் கிடைக்கும்போது ஏன் வாங்கப் போகிறார்கள்? கடை வீதிக்கு எப்படிப் போவது என்றும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தேனி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் லிங்க் வழியாக வாங்குகிறார்கள். பின்னிலேயே நேரடியாக அஃபிலியேட் லிங்க் கொடுக்கலாம்தான். 2015-ல் அதை அடியோடு நிறுத்திவிட்டு, 2016-ல் மறுபடி அனுமதித்தார்கள். அடுத்தவர் விதி எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதால் நான் என் சைட் வழியாகத்தான் அனுப்புகிறேன்.

எங்கள் தெருவில் கல்லூரி படிக்கும் பெண்ணுக்கு, படங்களுக்கு லைக் போட்டால் காசு என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. முதலில் கொஞ்சம் பணம் போட்டும் விட்டார்கள். பிறகு பெரிய டாஸ்க்குக்கு முன்பணம் கட்டச் சொல்லி, இருந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு மறைந்துவிட்டார்கள். "அக்கா, நீங்களும் இதுலதானே சம்பாதிக்கிறீங்க?" என்று அழுதுகொண்டே வந்து நின்றாள். உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் செய்ய வைத்தேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: வேலை கொடுக்கிறவர் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலை இல்லை. அப்படி ஏமாந்தால் வெட்கப்பட்டுத் தாமதிக்காமல் 1930-க்குக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வழி உண்டு.

அக்காவுக்கு இப்போது என் சைட் வழியாக மதுரை, பெங்களூரிலிருந்தெல்லாம் ஆர்டர் வருகிறது. அளவு பிளவுஸைக் கூரியரில் அனுப்பிவிடுகிறார்கள். அதில் எனக்குக் கமிஷன் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் வேலையைப் படம் எடுத்துத்தானே என் பக்கமே ஓடுகிறது. ஆடிப் பதினெட்டுக்குப் பிறகு ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் எடுப்பதில்லை, அவசரத்தில் செய்தால் கல் உதிர்ந்துவிடும் என்று பக்கத்தின் மேலேயே எழுதச் சொன்னார். பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.