ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கையெழுத்து இதழ்: பாராட்டி எழுதுவது எப்படி?

கரிசல் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், பாடம் தமிழ். இப்போது கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் கற்பித்தல் பயிற்சியில் இருக்கிறேன். அங்கே ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாதம் ஒரு கையெழுத்து இதழ் கொண்டுவருகிறார்கள். நோட்டுத் தாளில் எழுதி, படம் வரைந்து, நூலால் தைத்து, வகுப்பு வாசலில் ஆணியில் மாட்டிவிடுகிறார்கள். மற்ற வகுப்புப் பிள்ளைகளும் எடுத்துப் படிக்கிறார்கள். இந்த மாத இதழில் ஒவ்வொருவர் பக்கத்தின் கீழும் நாலு வரி எழுதித் தரும்படி வகுப்பாசிரியை என்னிடம் சொல்லியிருக்கிறார். "பிள்ளைகளுக்கு உற்சாகம் வருகிற மாதிரி எழுதம்மா" என்றார்.

பேனாவை எடுத்தால் 'மிக அருமை', 'வாழ்த்துகள்', 'மேலும் எழுதுக' என்பவைதான் வந்து நிற்கின்றன. நான் படித்த காலத்தில் என் கட்டுரை நோட்டு முழுக்கச் சிவப்பு மையில் ஒரு 'சரி' குறியும் கையொப்பமும் தேதியும் இருக்கும். நான் எழுதியதை யாராவது படித்தார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்தப் பிள்ளைகளுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

ஒரு பையன் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"அன்ரு ராத்திரி எங்கள் பசு கன்ரு போட்டது. அப்பா வைக்கோளால் கன்ருக்குட்டியைத் துடைத்தார். அது எலுந்து எலுந்து விழுந்தது. பிறகு நின்ரது. விடிந்ததும் அம்மா சீம்பால் காய்ச்சிப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தாள். அப்பா நஞ்சுக்கொடியைச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டார். நான் பள்ளிக்கூடம் வரவில்லை."

இன்னொரு மாணவி பொங்கலைப் பற்றி ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கிறாள். முத்துமுத்தான கையெழுத்து, ஒரு பிழை கிடையாது. ஆனால் முன்னுரையிலிருந்து முடிவுரை வரை வழிகாட்டி நூலில் இருக்கும் அதே கட்டுரை. மூன்றாவதாக ஒரு பையன், "எனக்குக் கபடி பிடிக்கும். நன்றாக விளையாடுவேன்" என்று எழுதிவிட்டு மீதிப் பக்கத்தில் ஒரு மைதானத்தை வரைந்து வைத்திருக்கிறான்.

இந்த மூவருக்கும் நீங்கள் என்ன எழுதுவீர்கள்?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

வணக்கம் அம்மா. அந்தக் கன்றுக்குட்டிப் பையன் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என்ன பிள்ளை! 'எழுந்து எழுந்து விழுந்தது' என்று கன்று பிறந்ததைக் கிட்ட இருந்து பார்த்தவன்தான் எழுத முடியும். அவனிடம் 'அருமை' என்று சொன்னால் எது அருமை என்று அவனுக்குத் தெரியாது. அந்த வரியை எடுத்துச் சொல்லுங்கள். படித்தபோது உங்களுக்கு என்ன தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்த வரியை எடுத்து எழுதும்போது 'எழுந்து' என்று சரியான ழகரம் போட்டே எழுதுங்கள். பிள்ளைகள் தங்கள் வரி எங்கே வந்திருக்கிறது என்று தேடிப் படிப்பார்கள். சிவப்பு மை படாமலே ழகரம் கண்ணில் பட்டுவிடும்.

மற்றப் பிழைகளையும் கவனித்துப் பாருங்கள். அன்ரு, கன்ரு, நின்ரது மூன்றும் ஒரே பிழை. 'ன்' என்ற மெய்யை அடுத்து றகரம்தான் வரும்: நின்று, தென்றல், கன்று. இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் மூன்று சொல்லும் ஒருசேரச் சரியாகிவிடும். மூன்று வட்டம் போட்டால் அவன் கண்ணுக்கு மூன்று குற்றமாகத் தெரியும். இதை இதழில் எழுத வேண்டாம், பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லுங்கள். 'வைக்கோள்' அடுத்த மாதத்துக்கு இருக்கட்டும்.

அடுத்தது ஆலமரம். பால் வடிகிற மரத்தில் நஞ்சுக்கொடியைக் கட்டினால் மாடு நன்றாகக் கறக்கும் என்பது கிராமத்து நம்பிக்கை. நாய் இழுத்துப் போகாது என்பதும் ஒரு காரணம். உங்களுக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் விளக்கத்தை நீங்கள் எழுதிவிடாதீர்கள், ஏன் என்று அவனிடம் கேளுங்கள். அவன் அப்பாவிடம் போய்க் கேட்பான். அடுத்த மாதத்துக்கான பக்கம் அங்கேதான் இருக்கிறது.

'பள்ளிக்கூடம் வரவில்லை' என்ற கடைசி வரியைப் பிடித்துக்கொண்டு வருகையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதிவிடாதீர்கள். உண்மையை எழுதினால் திட்டு விழும் என்று தெரிந்த பிள்ளை அதன்பிறகு வழிகாட்டி நூலைத்தான் எழுதும்.

அந்தப் பொங்கல் மாணவிக்கு எழுதுவதுதான் கடினம். கையெழுத்தை மட்டும் பாராட்டி நிறுத்திவிட்டால் அடுத்த இதழில் அதே கையெழுத்தில் தீபாவளிக் கட்டுரை வந்துசேரும். குறையும் சொல்ல வேண்டாம். தன்னிடம் கேட்டதை அவள் செய்திருக்கிறாள், பள்ளிக்கூடம் இதுவரை அவளிடம் கேட்டது அதுதான். "உங்கள் வீட்டுப் பானை எந்தப் பக்கம் பொங்கி வழிந்தது? முதலில் பார்த்தது யார்?" என்று கேளுங்கள். இதற்கு எந்த நூலிலும் விடை இல்லை.

கபடிக்காரனிடம், "நீ பாடிப் போகிறவனா, பிடிக்கிறவனா?" என்று கேட்டால் போதும். அவன் வாயால் சொல்லத் தொடங்கிவிடுவான், பிறகு தாளுக்கு வருவான்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியை:

ஐயா சொல்வதை மனதார ஏற்கிறேன். ஆனால் தங்கை நாளைக்கு வேலையில் சேரும்போது சந்திக்கப்போகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திருத்தாமல் விட்ட பிழையைப் பெற்றோர் பார்த்தால் 'டீச்சர் நோட்டையே பார்ப்பதில்லை' என்பார்கள். பார்வைக்கு வரும் அதிகாரியும் முதலில் புரட்டுவது நோட்டுகளைத்தான்.

அதனால் நான் இரண்டையும் பிரித்துக்கொண்டேன். பிள்ளைகள் முதலில் ரஃப் நோட்டில் எழுதுவார்கள். எழுத்துப்பிழை, ஒற்று, ஒருமை பன்மை எல்லாம் அங்கே, பென்சிலால். அவர்களே திருத்தி எழுதிய பிறகுதான் இதழுக்குப் போகும். இதழில் என் பங்கு வாசகர் கடிதம் மட்டும். கடைசிப் பக்கங்களைக் காலியாக விட்டு 'வாசகர் கடிதம்' என்று தலைப்புப் போடச் சொல்லுங்கள். நீங்கள் எழுதுவதைப் பார்த்து ஆறாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் எழுத வரும். பிள்ளைக்குப் பிள்ளை எழுதும் கடிதத்துக்கு இருக்கும் மவுசு நம் கடிதத்துக்குக் கிடையாது.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாற்பது பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் எழுத உட்கார்ந்தால் பத்தாவது பிள்ளைக்கு மேல் எல்லாம் 'அருமை' ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஐந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் விஷயத்தில்தான் எனக்கே தெளிவில்லை. 2012-13இல் ஆண்டை மூன்று பருவமாகப் பிரிக்கும் முப்பருவ முறை வந்தபோது, வகுப்புச் செயல்பாடுகளைப் பார்த்துப் போடும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். அப்போதிருந்து இப்படிப்பட்ட செயல்பாடுகளுக்கும் மதிப்பெண் போட்டே பழகிவிட்டோம். கருத்துக்குப் பக்கத்திலேயே எண்ணையும் போடலாமா?

எம்.எட். மாணவர்:

அக்கா, போடாமல் இருப்பது நல்லது. ரூத் பட்லர் என்ற ஆய்வாளர் 1988இல் இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். சிலருக்குக் கருத்து மட்டும், சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். கருத்து மட்டும் பெற்றவர்களுக்கு ஆர்வமும் திறனும் கூடின. இரண்டும் பெற்றவர்களோ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். எண்ணைப் பார்த்த கண் கருத்துக்கு வருவதில்லை. பதிவேட்டில் எண் இருக்கட்டும், இதழில் வேண்டாம்.

கேள்வி கேட்ட சகோதரிக்கும் ஒன்று. 'நீ பிறவி எழுத்தாளன்', 'கெட்டிக்காரி' என்றெல்லாம் எழுதத் தோன்றும், தவிர்த்துவிடுங்கள். கிளாடியா முல்லர், கேரல் டுவெக் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்துச் சுலபமான புதிரையே தேடினார்கள், ஒருமுறை தோற்றதும் சோர்ந்தார்கள். உழைப்பைப் பாராட்டியபோது கடினமானதையும் எடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பொங்கல் மாணவியை 'கெட்டிக்காரி' என்று சொல்லிவிட்டால் அவள் வழிகாட்டி நூலை விட்டு வெளியே வரவே பயப்படுவாள்.

கரிசல் மாணவி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாசகர் கடிதப் பக்கம் பற்றி வகுப்பாசிரியையிடம் கேட்டேன், உடனே சம்மதித்துவிட்டார். கன்றுக்குட்டிப் பையனுக்கு இப்படி எழுதி வைத்திருக்கிறேன். ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும்:

"'எழுந்து எழுந்து விழுந்தது. பிறகு நின்றது' என்று நீ எழுதியதைப் படித்தபோது அந்தக் கன்றின் கால்கள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. நஞ்சுக்கொடியை ஏன் ஆலமரத்தில் கட்டினார்கள்? அப்பாவிடம் கேட்டு எழுதுவாயா? கன்றுக்கு என்ன பெயர்? சீம்பால் எப்படி இருந்தது?"

பொங்கல் மாணவிக்கான கேள்வியை எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதலாமா என்பது இன்னொரு சந்தேகம். அவள் சட்டென்று கலங்கிவிடுகிற பிள்ளை.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நல்ல கடிதம் அம்மா. 'நின்றது' என்று றகரத்தையும் உள்ளே வைத்துவிட்டீர்கள். ஆனால் கேள்விகள் அதிகம். நாலு கேள்வி கேட்டால் பிள்ளை நாலுக்கும் ஒவ்வொரு வரியில் பதில் எழுதிவிட்டுப் போய்விடுவான், வினாத்தாள் பழக்கம். ஆலமரத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கன்றின் பெயரை நாளை வாயால் கேளுங்கள்.

பொங்கல் மாணவிக்குத் தனிச் சீட்டில் எழுதி அவள் நோட்டுக்குள் வைத்துவிடுங்கள். இதழில் அவள் உண்மையாகவே உழைத்த ஒன்றைச் சொல்லுங்கள்: ஒரு பக்கம் முழுக்க ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுவது ஏழாம் வகுப்பில் சின்ன வேலை இல்லை.

ஆலமரத்துக்கு அவன் பதில் எழுதி வந்த பிறகு இரண்டையும் சேர்த்து எழுதச் செய்து, பள்ளிக் கல்வித்துறை நடத்தும் 'தேன்சிட்டு' இதழுக்கு அனுப்பிவையுங்கள். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்காக 2022இல் தொடங்கிய இதழ் அது. வெளியாகுமோ இல்லையோ, அனுப்பப்போகிறோம் என்பதை அவனிடம் சொல்லிவிட்டே அனுப்புங்கள். தலைப்பையும் அவனே வைக்கட்டும்.