மறுமொழி: கணைய அழற்சியில் புற்று இடரைக் காட்டும் மரபணு மாற்றம் – கலைச்சொல்

> "புற்று அறிகுறி மரபணு" என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

கணைய அழற்சி உள்ளவருக்குப் பின்னால் புற்று வரக்கூடும் என்று காட்டும் மரபணு மாற்றத்துக்கு நம் கலைச்சொல் பட்டியலில் என்ன தமிழ்ச் சொல் வைப்பது என்பதுதான் கேள்வி. நீங்கள் சொல்வது புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். வயிற்றுவலி அறிகுறி, காமாலை அறிகுறி என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அறிகுறி என்றாலே நோய் வந்தாயிற்று என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே பேச்சு இன்னும் வராத, பலருக்கு வராமலே போகிற ஒன்றைப் பற்றி.

டிரிப்சின் என்னும் செரிமான நொதியைச் செய்யும் பிஆர்எஸ்எஸ்1 மரபணுவைப் பாருங்கள். இதில் வரும் மாற்றம் பரம்பரைக் கணைய அழற்சிக்குக் காரணம் என்று 1996ல் தெரியவந்தது. டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே நேரங்கெட்ட நேரத்தில் முழித்துக்கொண்டால் அதை வெட்டி முடக்குவதற்கென்று அந்த நொதியின் 122ஆம் இடத்தில் அர்ஜினைன் என்னும் அமினோ அமிலம் இருக்கிறது. மரபணு மாறி, அங்கே ஹிஸ்டிடின் என்னும் வேறோர் அமினோ அமிலம் வந்து உட்கார்ந்துவிட்டால் வெட்ட வழியில்லை, நொதி அடங்காது, கணையம் தன்னையே செரிக்க ஆரம்பிக்கும். சின்ன வயதிலேயே வலி தொடங்கிவிடும். புற்று என்பது இந்த மாற்றம் நேராகச் செய்கிற வேலை அல்ல, பல பத்தாண்டுகள் ஓயாமல் நடக்கும் அழற்சியின் வேலை. 70 வயதுக்குள் 40 விழுக்காடு வரை என்று 1997ல் ஒரு கணிப்பு வந்தது, பின்னால் வந்தவை ஏறியும் இறங்கியும் இருக்கின்றன. ஸ்பிங்க்1 என்னும் இன்னொரு மரபணுவின் கதை இன்னும் மங்கல்: நம் பக்கமும் கேரளத்திலும் காணும் வெப்பமண்டலக் கணையக்கல் நோயில் இந்த மரபணுவின் மாற்றம் நிறையவே இருக்கிறது, அந்த நோயாளிகளுக்குப் புற்று இடர் கூடுதல் என்று சென்னை நோயாளிகளை வைத்து 1994ல் ஆய்வும் வந்தது, ஆனால் அதே மாற்றத்தோடு ஒரு நோயும் இல்லாமல் திரிகிறவர்கள்தான் அதிகம். ஆகவே இவற்றுக்கு இடர்சுட்டி போதும். (சுட்டி என்றால் மவுஸ் ஆயிற்றே என்று கணினி நண்பர்கள் கிளம்புவார்கள். இடரோடு சேர்த்து எழுதினால் யாரும் குழம்பமாட்டார்கள்.)

கே-ராஸ் என்னும் மரபணுவில் வரும் மாற்றம் வேறு சங்கதி. அது வழிவழியாக வருவதில்லை, கணையத்தின் ஏதோ ஒரு செல்லில் பிற்பாடு ஏற்படுவது. கணையப் புற்றுகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இது இருக்கிறது, அதனால் "புற்றுக்குறிப்பான்" என்று எழுதத் தோன்றும். புற்றே இல்லாத நாள்பட்ட அழற்சிக்காரர்களின் கணையச் சாற்றிலும் இதே மாற்றம் தென்படுகிறது என்பதுதான் வம்பு. திசுவில் ஏதோ நடந்திருக்கிறது, அவ்வளவுதான் சொல்லமுடியும். திசுத்தடயம் என்று வைப்போம்.

அப்புறம், ஆங்கிலத்தில் மியூட்டேஷன் என்பதற்கு எழுதும் "சடுதிமாற்றம்". கே-ராசுக்குப் பரவாயில்லை. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கும் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வந்ததில் என்ன சடுதி? வெறும் "மரபணு மாற்றம்" என்று எழுதலாம்.

---

> வெறும் "மாற்றம்" என்றால் மரபணு மாற்றப்பட்ட கத்தரிக்காய் ஞாபகம் வருகிறது. இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் "விகாரம்" என்றுதான் படித்தோம், சுருக்கமும்கூட. கணையத்தைச் சதையி என்போம், அதை நான் வற்புறுத்தவில்லை.

கத்தரிக்காய் நியாயமான ஆட்சேபம்தான். ஆனால் அக்கா, விகாரம் என்றால் இங்கே அசிங்கம் என்று பொருள். "உங்கள் பையனுக்கு விகாரம் இருக்கிறது" என்று ஒரு டாக்டர் அம்மாவிடம் சொல்வதை நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரில் உறுத்தாது, மதுரையில் சண்டையே வந்துவிடும். "மரபணுப் பிறழ்வு" என்றாலும் பழி வாடை கொஞ்சம் அடிக்கிறது. பெற்றுவந்ததற்கு "வழிவந்த மாறுபாடு", பிற்பாடு வந்ததற்குச் சடுதிமாற்றமே இருக்கட்டும் என்று பிரித்துக்கொண்டால் கத்தரிக்காயும் வராது, சண்டையும் வராது. பட்டியலில் இடர்சுட்டி, திசுத்தடயம் இரண்டையும் இன்றிரவு ஏற்றிவிடுகிறேன். வழிவந்த மாறுபாடு பற்றி மரபணு ஆலோசனை கொடுக்கிறவர்கள் யாராவது ஒரு வரி எழுதுங்கள், நோயாளி முன்னால் அதைத் தினமும் சொல்லப்போவது நீங்கள்தான்.