பெரியப்பா எப்படிச் செத்தார்னு இன்னிக்கு வரைக்கும் சொல்லல

முதுநகர்க்காரன்:
பெரியப்பா இந்திய அமைதிப்படையில யாழ்ப்பாணம் போனவர். 1987 அக்டோபர்ல தந்தி வந்துச்சு. அங்க என்ன நடக்குதுன்னு எங்க தெருவுல பிபிசி தமிழோசை வச்சுத்தான் தெரிஞ்சுக்குவாங்க. என் மனசுல நிக்கிறது, அப்புறமா ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தப்ப ஆயா கேட்டதுதான்: "எம்புள்ள ஒடனே போயிட்டானாய்யா, கெடந்து துடிச்சானா?" அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. "இதுல இருக்கறதுதாம்மா." அதுல தேதியும் நம்பரும்தான் இருந்துச்சு. பெத்தவகிட்ட இதைச் சொன்னா நாட்டுக்கு என்ன ஆபத்து?

குருசுக்குப்பம் பேரன்:
எங்க தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாய். அல்ஜீரியா பிரான்ஸ்கிட்ட விடுதலை கேட்டுப் போராடினப்ப அங்க இருந்தவர். ஜூலை 14 வந்தா மெடல் குத்திக்கிட்டு புதுச்சேரி கடற்கரைச் சாலை போர் நினைவுச் சின்னத்துக்குப் போயிடுவார். அங்க நடந்தது போர்தான்னு பிரான்ஸ் 1999லதான் சட்டம் போட்டு ஒத்துக்கிச்சு. சேதியைப் படிச்சுக் காட்டினேன். "அப்போ எம் பக்கத்துல செத்தவன் இத்தினி வருஷமா எதுல செத்தானாம்?"னு என்கிட்ட சண்டைக்கு வந்துட்டார்.

பண்ருட்டி ஹவில்தார்:
முதுநகர்த் தம்பி, அந்த அதிகாரியை நோகாதீங்க, அவருக்கும் தெரிஞ்சிருக்காது. 2002ல பாகிஸ்தான் எல்லையில படையைக் குவிச்ச 'பராக்கிரம்' நடவடிக்கை சமயம், அங்க கண்ணிவெடி புதைக்கறப்ப செத்த பையனோட உடம்பை நான்தான் ஊருக்குக் கொண்டாந்தேன். "சண்டையே நடக்கலங்கறாங்களேப்பா"ன்னு அவங்கம்மா என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அந்தப் படைக்குவிப்புல 798 பேர் செத்ததா 2003லதான் நாடாளுமன்றத்துல சொன்னாங்க. ஆனா சண்டை நடக்கறப்பவே எல்லாத்தையும் சொல்லுன்னா நான் ஒத்துக்க மாட்டேன். எந்தப் படையில எத்தனை பேர் கொறைஞ்சாங்கன்னு எதிரியும்தான் காது கொடுத்துக்கிட்டிருப்பான்.

நெல்லித்தோப்பு வக்கீல்:
என் மாமனாருக்கு 71 சண்டையில கால் போச்சு, அதைப் பத்தி வீட்டுல பேசவே மாட்டார். அது கெடக்கட்டும். தம்பி, தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. பத்து ரூபா கட்டணம், 30 நாள்ல பதில் வரணும். போர் நடவடிக்கை பத்திக் கேட்காதீங்க. பெரியப்பாவோட பணிப் பதிவேடு, இறந்த இடம், காயத்தின் தன்மை, இதை மட்டும் தனித்தனிக் கேள்வியா கேளுங்க. படை எண்ணும் ரெஜிமென்ட் பேரும் கட்டாயம் போடணும். மறுத்தா 30 நாளைக்குள்ள முதல் மேல்முறையீடு, அதுவும் போனா 90 நாளைக்குள்ள மத்தியத் தகவல் ஆணையம். 25 வருஷம் ஆன ஆவணங்களைப் பொதுவா வெளியிடணும்னு பாதுகாப்பு அமைச்சகம் 2021ல கொள்கையே வகுத்திருக்கு, அதையும் மேற்கோள் காட்டுங்க. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் ஒரு நகல் கொடுத்து வைங்க.

முதுநகர்க்காரன்:
போட்டாச்சு சார். நாட்டுப் பாதுகாப்புக்கான விலக்கு, பிரிவு 8(1)(அ)ன்னு ஒரே வரியில மறுத்துட்டாங்க. மேல்முறையீடு போடறேன்.
ஹவில்தார் அண்ணே, சண்டை நடக்கறப்ப நான் எதுவும் கேட்கல. முடிஞ்சு முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. 1962 சீனப் போர்த் தோல்வியைப் பத்தின ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையைக்கூட அரசு இன்னும் வெளியிடல. கார்கில்ல 527 பேரை இழந்தோம். ஆய்வுக் குழு அறிக்கையை 2000லயே நாடாளுமன்றத்துல வச்சாங்க. சில பகுதிகளை எடுத்துட்டுத்தான் வச்சாங்க. ஆனா வச்சாங்க.