கமேலியோன் படம் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

நெதர்லாந்தில் இருக்கும் நண்பர்களே, ஒரு உதவி. ஹோட்சே டி ரோஸ் 1949-இல் தொடங்கிய 'கமேலியோன்' சிறுவர் கதைவரிசை 2003-இல் ஸ்டீவன் டி யோங் இயக்கத்தில் படமானதே, அதற்கு ஆங்கில சப்டைட்டில் எங்காவது கிடைக்குமா? ஃப்ரீஸ்லாந்துக் கிராமம், கொல்லரின் இரட்டைப் பையன்கள் ஹீல்கே, சீட்சே, மிச்சம் மீதி பெயிண்டையெல்லாம் அடித்து கார் எஞ்சின் பூட்டிய ஒரு பழைய படகு... கேட்கவே ஜாலியாக இருக்கிறது. அப்புறம், அந்தப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர் யாராவது உங்கள் ஆபீசில் இருந்தால் கேட்டுச் சொல்லுங்கள்: டஜன் கணக்கான புத்தகங்களில் எதையெல்லாம் படத்துக்கு எடுத்தார்கள், எதை விட்டார்கள்? படகு வேகமெடுக்கும் காட்சியில் சொதப்பியிருந்தால் மற்றது எல்லாம் இருந்தும் வீண் என்பது என் கட்சி. எங்கள் சிறுவர் திரைப்பட வட்டத்தில் இதைப் பற்றிப் பேசப் போகிறேன். திருட்டு லிங்க் வேண்டாம், காசு கொடுத்து வாங்கும் டிவிடி என்றாலும் சரி.